எரியும் பாதத்துக்கு ஒளிச் சிகிச்சை: ஏற்காட்டு அப்பாவுக்காகக் கேட்டவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அப்பாவுக்கு வயது 63, சுகர் வந்து 15 வருடம், ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் மேற்பார்வை வேலை. ராத்திரியில் இரண்டு பாதமும் எரிகிறது, பகலில் மதமதப்பு. சேலத்தில் ஒரு பிசியோதெரபி மையத்தில் "ஒளிச் சிகிச்சை 20 சிட்டிங் எடுத்தால் செத்துப்போன நரம்பு திரும்ப முளைக்கும்" என்று சொல்லி 14,000 ரூபாய் கேட்கிறார்கள். வாரம் மூன்று முறை மலை இறங்கி ஏற வேண்டாமே, ஆன்லைனில் ஒரு எல்இடி பேட் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். மையமா, வீடா என்று கேட்டிருந்தாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இந்த ஒளி நரம்பைச் சரிசெய்யுமா என்பது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன உணர்ச்சியை ஒளி திருப்பித் தரும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை. எரிச்சலையும் குத்தலையும் சிலருக்கு ஓரளவு தணிக்கலாம். அதற்கும் ஆதாரம் மெலிந்ததுதான், ஆனால் ஒழுங்காகச் செய்தால் ஆபத்து குறைவு என்பதால் முயன்று பார்ப்பதைத் தவறென்று சொல்லமாட்டேன். 'நரம்பு முளைக்கும்' என்ற வாக்குறுதிக்காக 14,000 ரூபாயை முன்பணமாகக் கட்டுவதைத் தவறென்றுதான் சொல்வேன்.

முதலில், 'ஒளிச் சிகிச்சை' என்ற பெயரில் என்ன கருவியை வைக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சாமான்கள் இந்த ஒரே பெயரில் ஓடுகின்றன. ஒன்று, பழைய ஐ.ஆர். லாம்ப்: ஸ்டாண்டில் மாட்டிய பெரிய சிவப்பு பல்பு, பெரும்பாலும் 250 வாட். அது தருவது வெப்பம் மட்டுமே. கழுத்துப் பிடிப்புக்கும் முதுகு வலிக்கும் சுகமாக இருக்கும். உணர்ச்சி மங்கிய பாதத்துக்கு அதை வைக்கவே கூடாது. தோல் சுமார் 50 டிகிரி சூட்டை எட்டினால் சில நிமிடங்களிலேயே வெந்துபோகும். நல்ல நரம்பு உள்ளவர் அதற்கு முன்பே காலை இழுத்துக்கொள்வார். உங்கள் அப்பாவின் கால் இழுத்துக்கொள்ளாது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். மெழுகு ஒத்தடம், சுடுதண்ணீர் பை, மின்சார ஒத்தடப் பை எல்லாமே இதே கணக்குதான். ஏற்காட்டில் மார்கழிக் குளிருக்குக் கணப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்காரும் பழக்கம் இருந்தால் அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எல்இடி பேட். சின்னச் சின்ன டயோடுகள் பதித்த வளையும் பட்டை. சிவப்பு ஒளி 630 முதல் 660 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி 810 முதல் 890 நானோமீட்டர் வரை. மூன்றாவது, லேசர். அதிலும் 500 மில்லிவாட்டுக்கு உட்பட்டது 3பி வகுப்பு, அதற்கு மேற்பட்டது 4ஆம் வகுப்பு. 4ஆம் வகுப்பு லேசர் தோலை நன்றாகவே சூடாக்கும். இயக்குபவர் கையை ஒரே இடத்தில் நிறுத்தினால் மரத்த பாதத்துக்கு அதுவும் ஐ.ஆர். லாம்ப் போலத்தான். லேசர் எதுவாக இருந்தாலும் அறையில் இருக்கும் எல்லோரும் அந்த அலைநீளத்துக்குரிய கண்ணாடி போட்டிருக்க வேண்டும். கண்ணாடி கொடுக்காத இடத்தில் மேற்கொண்டு எதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

பேட், லேசர் இரண்டுக்கும் சொல்லப்படும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது, அதனால் செல்லின் ஆற்றல் கூடுகிறது, நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன என்பார்கள். இதில் பெரும்பகுதி ஆய்வகத் தட்டிலும் எலியிலும் காட்டப்பட்டது. ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் 1960களின் பிற்பகுதியில் எலிகளின் தோலில் குறைந்த சக்தி லேசரை அடித்துப் பார்த்ததிலிருந்து இந்தத் துறை வளர்கிறது. ஆக, ஒளி செல்லை ஏதோ செய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. என் சந்தேகம், பாதத்தில் அடிக்கும் ஒளி இந்த நோய் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பதில்.

பாதத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் செல் உடல் கீழ் முதுகில், தண்டுவடத்தை ஒட்டிய முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து கால் விரல் நுனி வரை ஒரே இழை. சுகரால் அந்தச் செல்லும் அதற்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் நலியும்போது முதலில் வாடுவது மிக நீளமான இழையின் நுனி. ஏரியில் தண்ணீர் குறைந்தால் முதலில் கடைமடை வயல் காய்வதைப் போல. அதனால்தான் இரண்டு காலிலும் ஒரே மாதிரி விரலில் ஆரம்பித்து, மெல்ல மேலே ஏறி, முழங்கால் அளவுக்கு வந்த பிறகு கை விரல்களிலும் தொடங்குகிறது. ஒளியோ தோலுக்குள் சில மில்லிமீட்டர் போவதற்குள் பெரும்பாலும் சிதறி மங்கிவிடும். உள்ளங்கால் தோல் உடம்பிலேயே தடிமனானது. ஆணியும் தடிப்பும் இருந்தால் இன்னும் குறையும். நுனியில் ரத்த ஓட்டம் கொஞ்சம் கூடலாம், வலி அனுப்பும் நுண் இழைகள் கொஞ்சம் அடங்கலாம். முதுகிலிருந்து நலிந்து வரும் இழை அதனால் நிமிர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இது என் ஊகம் மட்டும் இல்லை. மனிதர்களிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 890 நானோமீட்டர் ஒளி தரும், பேட் ஒன்றுக்கு 60 டயோடு பதித்த கருவி அமெரிக்காவில் பெரிய அளவில் விற்றது. 2004இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 27 பேர். அதில் உணர்ச்சி இழப்பு மிதமாக இருந்தவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது, முற்றிலும் மரத்துப்போன 9 பேருக்குத் தெரியவில்லை. விளம்பரங்களில் இன்றும் சுற்றுவது இந்த முதல் பாதிதான். அடுத்த வருடமே 39 பேரிடம், பாதிப் பேருக்கு உண்மையான பேட், மீதிப் பேருக்கு ஒளி வராத போலிப் பேட் என்று வைத்துப் பார்த்தார்கள். இரண்டு குழுவிலும் உணர்ச்சி முன்னேறியதாகப் பதிவானது, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 2008இல் 69 பேரைச் சேர்த்து வீட்டிலேயே தினம் 40 நிமிடம், 90 நாள் வைக்கச் சொன்னார்கள். அதிலும் போலிப் பேட்டுக்கும் உண்மைப் பேட்டுக்கும் வித்தியாசம் வரவில்லை. இதற்கிடையில், 2006 அக்டோபரில், அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இந்த அகச்சிவப்புக் கருவிகளுக்கு நரம்பு பாதிப்புக்காகப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. லேசரைப் பொறுத்தவரை 2004இல் கனடாவில் 50 பேரிடம் செய்த ஆய்வில் வலி சற்றுக் குறைந்தது, ஆனால் அந்தக் குறைவு தற்செயலாக வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பிறகு வந்த ஆய்வுகளில் பல வலி குறைவதாகவே சொல்கின்றன. பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களில் முடிபவை, ஒவ்வொன்றிலும் அலைநீளமும் அளவும் வேறு வேறு. அவற்றைக் கூட்டிப் பார்த்து 'வலிக்கு ஒருவேளை' என்று சொல்லலாம். 'உணர்ச்சிக்கு' என்று சொல்ல முடியாது.

போலிப் பேட் வைத்தவர்களுக்கும் ஏன் முன்னேற்றம் தெரிந்தது? வலி தாங்க முடியாத உச்சத்தில்தான் சிகிச்சை தேடி வருவோம். உச்சத்துக்குப் பிறகு தானாகவே இறங்கும். சிகிச்சையில் சேர்ந்தவர் சுகரையும் செருப்பையும் கூடக் கவனிக்க ஆரம்பிக்கிறார். வாரம் மூன்று நாள் ஒருவர் அக்கறையாகக் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கே ஒரு பலன் உண்டு. இதில் கேவலம் ஒன்றும் இல்லை, அதற்கு 14,000 ரூபாய் கொடுக்க வேண்டுமா என்பதே கேள்வி. இன்னொரு காரணமும் உண்டு. சமீபத்தில் அப்பாவுக்கு இன்சுலின் தொடங்கியோ மாத்திரை கூட்டியோ எச்பிஏ1சி (சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) மூன்று மாதத்துக்குள் 2 புள்ளிக்கு மேல் மடமடவென இறங்கியிருந்தால், அந்த வேகமே கடுமையான எரிச்சலைக் கிளப்பும். அது மாதக் கணக்கில் மெல்லத் தணியும். தணியும் சமயத்தில் எந்தக் கருவியை வைத்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு இடம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எரிச்சல் குறைந்தால் நரம்பு தேறிவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எரிச்சல் என்பது பாதி உயிரோடு இருக்கும் இழைகள் தாறுமாறாகக் கத்துவது. அந்த இழைகள் முழுக்கச் செத்துப்போனாலும் எரிச்சல் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். "20 சிட்டிங்கில் எரிச்சல் போயே போச்சு" என்பவரின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் முன்பைவிட மரத்திருப்பதும் நடக்கும். குணமாகிவிட்டது என்று செருப்பை விட்டுவிட்டால் அடுத்து வருவது புண். ஆகவே என்ன சிகிச்சை எடுத்தாலும் வலியை ஒரு கணக்காகவும் தொடு உணர்ச்சியைத் தனிக் கணக்காகவும் எழுதி வையுங்கள்.

தொடு உணர்ச்சியை வீட்டிலேயே பார்க்க எளிய வழி உண்டு. அப்பாவைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, வரிசை மாற்றி, ஒன்றிரண்டு வினாடி மென்மையாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ தேய்க்கவோ கூடாது. தொட்டதும் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். தவறினால் அதே இடத்தை இரண்டாம் முறை தொட்டுப் பார்க்காதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் காயம் படுவதை உணர்த்திக் காக்கும் பாதுகாப்பு உணர்ச்சி குறைந்துவிட்டது என்று கொள்ளுங்கள். மருத்துவமனையில் இதையே 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால், பெருவிரலிலும் விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டுப் பகுதிகளிலும், இழை வளையும் வரை அழுத்திப் பார்ப்பார்கள். தடிப்பின் மேல் வைத்துப் பார்த்தால் தவறான முடிவு வரும். பயோதீசியோமீட்டர் என்ற அதிர்வுக் கருவியில் 25 வோல்ட்டைத் தாண்டித்தான் தெரிகிறது என்றால் புண் வரும் அபாயம் கூடியிருக்கிறது. மையத்தில் சேருவதானால் இந்த எண்ணை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒளிக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன, இவற்றுக்கான செலவு 14,000 ரூபாயில் சிறு பகுதிதான். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவருக்கு வைட்டமின் பி12 குறையலாம், அந்தக் குறைவும் இதே எரிச்சல், மதமதப்பைத் தரும், அதைச் சரிசெய்யவும் முடியும். ஏற்கெனவே யாராவது 'நரம்பு ஊசி' போட்டுவிட்டிருந்தால் ரத்தத்தில் பி12 உயர்ந்தே காட்டும், அதனால் ஊசிக்கு முன் பார்ப்பதே சரி. தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், எச்பிஏ1சி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மது உண்டா என்று மருத்துவர் கேட்டால் மறைக்க வேண்டாம். ஒரு காலில் மட்டும் இருக்கிறது, காலைவிடக் கையில் முதலில் வந்தது, சில வாரங்களில் கால் பலமிழந்தது என்றால் சுகர் மேல் பழிபோட்டு நிற்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் விடுகிறது என்றால் அது ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். பாதத்தின் மேல்பக்கம் நாடித் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்கும் கணுக்காலுக்கும் ரத்த அழுத்த விகிதம் எடுத்து 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு. சுகர்காரர்களுக்குக் குழாய்ச் சுவர் கெட்டிப்பட்டு விகிதம் 1.3க்கு மேல் போனால் அந்த எண்ணை நம்பவும் கூடாது. ரத்தம் போகாத காலில் வெப்பம் எதுவும் வைக்கக் கூடாது.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருக்கிறது, ஆனால் வலி அவ்வளவாக இல்லை என்றால் அது சார்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கும். புறங்கையால் இரண்டு பாதத்தையும் ஒரே இடத்தில் தொட்டு ஒப்பிட்டாலே வித்தியாசம் தெரியும். மேற்பரப்பு வெப்பமானி இருந்தால் 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் எச்சரிக்கை எல்லை. அப்படி இருந்தால் அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனை. சுளுக்கு என்று நினைத்து நீவிவிடுவதும் ஒளி வைப்பதும் அந்தப் பாதத்தை நிரந்தரமாகக் கோணலாக்கிவிடும்.

இவையெல்லாம் பார்த்தாயிற்று, புண் இல்லை, கிருமித் தொற்று இல்லை, அந்த இடத்தில் புற்றுநோயோ காலில் ரத்தக் கட்டியோ இல்லை, இன்னும் ஆசை இருக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள். தொடங்கும் முன் ஏழு இரவுகள், படுக்கப்போகும்போது வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் எழுதச் சொல்லுங்கள், தூக்கம் எத்தனை மணி என்பதையும் சேர்த்து. அந்த வாரத்தின் சராசரிதான் உங்கள் அடிக்கோடு. தொடு உணர்ச்சியையும் அன்றே பார்த்து எழுதுங்கள். பேட் வைக்கும் முன் தேங்காய் எண்ணெய், களிம்பு எதுவும் இல்லாமல் பாதத்தைக் கழுவி விரல் இடுக்கு உட்பட ஈரம் போகத் துடைக்க வேண்டும். பேட்டுக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் வைத்தால் சுத்தமாக இருக்கும். பேட்டின் மேல் எடை வைக்கவோ, அதன் மேல் நிற்கவோ, இறுகக் கட்டிவிட்டுத் தூங்கவோ கூடாது. முதல் மூன்று முறை 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, வேறொருவர் புறங்கையால் தோலின் சூட்டைப் பார்க்க வேண்டும். 'சுடுகிறதா' என்று அப்பாவைக் கேட்டுப் பயனில்லை, அவருடைய பாதம் பதில் சொல்லாது. இளஞ்சூட்டுக்கு மேல் இருந்தால் அந்தக் கருவி அவருக்கு ஆகாது.

அளவுக் கணக்கு சுலபம். ஒரு சதுர செண்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்பதை வினாடிகளால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் ஜூல் கிடைக்கும். 30 மில்லிவாட் தரும் பேட்டை 10 நிமிடம் வைத்தால் 18 ஜூல். ஆய்வுகளில் சில ஜூல் முதல் சில பத்து ஜூல் வரை பயன்படுத்துகிறார்கள், எது சரி என்பதில் ஒற்றுமை இல்லை. ஒன்று மட்டும் ஓரளவு தெளிவு: ஒரு அளவுக்கு மேல் போனால் பலன் கூடாமல் குறைகிறது. கூட நேரம் வைத்தால் கூட நல்லது என்பது இங்கே செல்லாது. ஆன்லைன் பேட்களில் அலைநீளமும் மில்லிவாட்டும் அச்சிடாமல் 'டீப் ஹீலிங்' என்று மட்டும் போட்டிருந்தால் தாண்டிப் போங்கள். அச்சிட்ட எண்களும் பல சமயம் மிகையாகவே இருக்கும், வெயிலை அளக்கும் மீட்டரால் எல்இடியை அளந்து போடுவதால் வரும் வினை. எஃப்டிஏ (அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி என்று போட்டிருந்தால் எதற்கு அனுமதி என்று பாருங்கள். தற்காலிகமாக ரத்த ஓட்டம் கூட்டவும் சிறு வலிக்கும் என்றிருக்கும், நரம்பு வளர என்று இருக்காது. 850 நானோமீட்டர் டயோடு எரிவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எரியவில்லையோ என்று முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டாம், போன் கேமரா வழியாகப் பாருங்கள், வெளிர் ஊதாவாகத் தெரியும்.

வாரம் மூன்று முறை, நான்கு வாரம், மொத்தம் 12 முறை. அதற்குப் பிறகு ஏழு இரவின் சராசரியை மறுபடி எடுங்கள். மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருந்தால், அதாவது 7 இருந்தது 5க்குக் கீழே வந்திருந்தால், உருப்படியான நிவாரணம் என்று கொள்ளலாம். அப்போது இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வலி திரும்பி வந்தால் ஒளிக்குப் பங்கு இருக்கலாம், வராவிட்டால் தானாகவே தணிந்திருக்கிறது, கருவியைப் பரணில் போடலாம். 12 முறையில் ஒன்றும் இல்லை என்றால் இன்னும் 8 முறை வைத்தால் வந்துவிடும் என்ற பேச்சைக் கேட்க வேண்டாம்.

ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் எரிச்சலுக்கு ஒளியைவிட நன்கு சோதிக்கப்பட்டவை மாத்திரைகள். டுலாக்செடின், பிரீகாபலின் அல்லது காபாபென்டின், அமிட்ரிப்டிலின் இவற்றில் எதைத் தொடங்குவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். 2022இல் வந்த ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில் டுலாக்செடின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் மூன்றும் ஏறக்குறைய சமமான பலனே தந்தன, ஒன்றில் போதாதவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்தபோது கூடுதல் பலன் கிடைத்தது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் பிரீகாபலின், காபாபென்டின் அளவைக் குறைக்க வேண்டும். புராஸ்டேட் தொந்தரவு, கண் நீர் அழுத்தம், இதய மின்னோட்டக் கோளாறு இருந்தால் அமிட்ரிப்டிலின் உகந்ததில்லை. அவர் எஸ்டேட் சரிவில் நடப்பவர், தலைச்சுற்றல் தரும் எதையும் இரவில் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். இந்த மாத்திரைகளும் வலியைத்தான் அடக்கும், நரம்பை வளர்க்காது. நரம்பு மேலும் கெடாமல் தடுப்பதில் சுகர் கட்டுப்பாட்டுக்குத்தான் முதலிடம். முதல் வகை சுகரில் அது பெரிய வித்தியாசம் செய்யும் என்று 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வில் தெளிவானது. உங்கள் அப்பாவுக்கு இருக்கக்கூடிய இரண்டாம் வகையில் பலன் அதைவிடக் குறைவு, ஆனாலும் உண்டு.

மீதிப் பணத்தைப் பாதத்துக்குச் செலவிடுங்கள். ஹவாய் செருப்பை நிறுத்தி, எம்சிஆர் என்ற மெத்தென்ற ரப்பர் அடித்தட்டு வைத்த, பின்பட்டி உள்ள, விரலிடுக்கில் வார் இல்லாத செருப்பு வாங்குங்கள். மாலை வேளையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பாருங்கள். எஸ்டேட்டுக்குள் போக கம்பூட் என்றால் இரண்டு ஜோடி மாற்றி மாற்றிப் போட வேண்டும், உள்ளே தடித்த வெள்ளைப் பருத்தி சாக்ஸ். வெள்ளையாக இருந்தால் ரத்தக் கறை உடனே தெரியும். மாட்டும் முன் தலைகீழாகத் தட்டி உள்ளே கைவிட்டுப் பாருங்கள், ஒரு காபிக் கொட்டை உள்ளே கிடந்தாலும் மாலைக்குள் புண்ணாக்கிவிடும். மழைக்காலத்தில் அட்டை கடித்தால் பீடி நெருப்பால் சுடுவதோ, கடிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தடவுவதோ இந்தக் காலுக்கு ஆகாது. நகத்தாலோ ஏதாவது ஒரு கார்டின் முனையாலோ வழித்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்து, சுத்தமான துணியால் கட்டுங்கள். அடுத்த மூன்று நாள் அந்த இடத்தைப் பாருங்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வெறுங்காலோடு மலையேறுவது, ஆடியில் பூமிதிப்பது, சித்திரை வெயிலில் கல் பாவிய பிரகாரத்தில் சுற்றுவது எல்லாம் இனிமேல் அவருக்கு வேண்டாம். வேண்டுதல் இருந்தால் வீட்டில் வேறொருவர் செய்யட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது.

ஒவ்வொரு இரவும் பாதத்தின் அடியை யாராவது பார்க்க வேண்டும். தனியாக இருந்தால் தரையில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து அவரே பார்க்கலாம், ஆனால் 15 வருட சுகருக்குக் கண் விழித்திரையும் மங்கியிருக்கலாம், அதனால் இன்னொரு ஆள் நல்லது. குளிக்கும் தண்ணீரைக் காலால் தொட்டுப் பார்க்காமல் முழங்கையால் பார்க்கட்டும். ஆணியை பிளேடால் சீவ வேண்டாம், ஆணி பிளாஸ்டர் என்று விற்கும் அமிலப் பட்டையும் வேண்டாம், அது நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது, உங்கள் பகுதி செவிலியரிடம் பெயர் சேருங்கள். வருடம் ஒருமுறை பாதப் பரிசோதனைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரலாம். உணர்ச்சி குறைந்தது உறுதியானால் வருடத்துக்கு ஒருமுறை போதாது, 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை.

மையமா, வீடா என்று கேட்டதற்கு: இரண்டு இடத்துப் பலனுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று நினைக்க ஆதாரம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்த ஆய்வும் மேலே சொன்னபடி வெறுங்கையோடுதான் திரும்பியது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது இதற்காக என்றால் வேண்டாம். ஆனால் வீட்டில் சூட்டைச் சோதிக்கவும் எழுதி வைக்கவும் பொறுப்பான ஆள் இல்லை என்றால் பேட் வாங்க வேண்டாம். மையத்துக்கே போவதானால் 20 சிட்டிங்குக்கு மொத்தமாகக் கட்டாமல் ஆறு ஆறாகக் கட்டக் கேளுங்கள். கருவியின் அலைநீளம், ஒரு சிட்டிங்குக்கு எத்தனை ஜூல், முதல் நாள் மோனோஃபிலமென்ட் முடிவு மூன்றையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருபவரிடம் ஆறு சிட்டிங் போய்ப் பார்க்கலாம். எப்போதாவது கொப்புளம் கண்டால் குத்தி உடைக்காமல், மஞ்சளோ டூத்பேஸ்ட்டோ தடவாமல், சுத்தமான துணியால் மூடி, அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே சேலத்துக்குக் கூட்டி வாருங்கள். வலி இல்லையே, நாளைக்குப் போகலாம் என்று அவர் சொன்னால் கேட்காதீர்கள்.